புள்ளியியல் நிரலாக்க உரைத்தொகுப்பி

புள்ளியியல் நிரலாக்க உரைத்தொகுப்பி என்பது ஆர், எஸ், சாஸ், ஸ்டாட்டா முதலிய புள்ளியியல் மொழிகளில் நிரல் எழுதவும், எழுதிய வரிகளை இயங்கிக்கொண்டிருக்கும் அமர்வுக்கு அனுப்பி விடையை உடனே காணவும் பயன்படும் உரைத்தொகுப்பி ஆகும். பொதுவான நிரலாக்கத் தொகுப்பிகளிலிருந்து இது வேறுபடுவது இந்த இரண்டாவது பணியினால்தான். தமிழ்ப் பெயர்கள் அடங்கிய தரவைக் கையாள்வோர்க்கு மூன்றாவது தேவை ஒன்றும் உண்டு. தொகுப்பியில் தட்டிய தமிழ் எழுத்து, கோப்பிலும் அமர்விலும் விடையிலும் சிதையாமல் அதே எழுத்தாக இருத்தல் வேண்டும்.

எந்தத் தொகுப்பி வசதியானது என்ற கேள்விக்கு, அது அவரவர் பழக்கம் என்று விடை கூறிவிடுவது வழக்கம். நிறம், எழுத்துரு, விசைக்குறுக்குகள் ஆகியவற்றைப் பொறுத்தவரை அது சரியே. மேற்கூறிய தேவைகளைப் பொறுத்தவரை அது சரியன்று. இக்கட்டுரை ஆர் மொழியை முதன்மையாகக் கொண்டும், செங்கல்பட்டு மாவட்டத்தின் கருங்குழிப் பேரூராட்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டும் இதனை விளக்குகிறது.

பின்னணி

எஸ் மொழி 1976 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்சும் அவருடைய உடன்பணியாளர்களும் உருவாக்கியது. ஆய்வாளர் ஒரு கட்டளையைத் தட்டி, விடையைப் பார்த்து, அதற்கேற்ப அடுத்த கட்டளையைத் தீர்மானிப்பதே அதன் அடிப்படை எண்ணம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் இகாக்கா, இராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் அதே தொடரியலைத் தழுவி ஆர் மொழியை எழுதி 1993 இல் அறிவித்தனர். 1995 இல் அது குனூ பொது உரிமத்தின் கீழ் கட்டற்ற மென்பொருளானது. 1.0.0 பதிப்பு 2000 பெப்ரவரி 29 அன்று வெளிவந்தது. இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தில்லி மையத்தைச் சேர்ந்த தீபாயன் சர்க்கார், ஆர் மையக் குழுவின் உறுப்பினரும் லாட்டிஸ் என்னும் வரைபடப் பொதியை எழுதியவரும் ஆவார். செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் 2018 முதல் தரவு அறிவியலில் முதுநிலைப் படிப்பு நடைபெறுகிறது.

கணக்கை விரிதாளில் செய்யாமல் நிரலாக எழுதுவதன் காரணத்தைக் காட்ட ஒரு நிகழ்வு அடிக்கடி எடுத்துக்கூறப்படுகிறது. கார்மென் ரெயின்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய பொருளியலாளர்கள் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் தொடர்புபடுத்தி 2010 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அரசுச் செலவினக் குறைப்பை வலியுறுத்தியோர் பலர் அதனை மேற்கோள் காட்டினர். 2013 இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர் அவர்களுடைய விரிதாளைப் பெற்றுப் பார்த்தபோது, சராசரி காணும் சூத்திரத்தில் ஆத்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன. கட்டுரையின் மீது வேறு குறைகளும் கூறப்பட்டன. ஆயினும் இக்குறை விரிதாள் வேறொருவர் கைக்குச் சென்ற பின்னரே தெரிந்தது. விரிதாளில் சூத்திரம் கட்டத்தின் உள்ளே மறைந்திருக்கும். நிரலிலோ எந்த வரிசைகள் சேர்க்கப்பட்டன என்பது படிக்கக்கூடிய வரியாக இருக்கும். அவ்வரிகள் தங்கும் இடமே உரைத்தொகுப்பி.

கோப்பும் அமர்வும்

புள்ளியியல் நிரல் எழுதுவோர் முழு நிரலையும் எழுதி முடித்துவிட்டு இயக்குவதில்லை. தரவை வாசிக்கும் வரியை எழுதி இயக்குவர்; முதல் சில வரிசைகளைப் பார்ப்பர்; விடுபட்ட மதிப்புகளை எண்ணுவர்; ஒரு வரைபடம் வரைவர்; அதில் ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால் திரும்பிச் சென்று இரண்டாவது வரியைத் திருத்துவர். மதுராந்தகம் ஏரியின் நாள்தோறுமான நீர்மட்டத்தை ஆராய்பவர், சில நாட்களின் அளவு அடியிலும் சில நாட்களின் அளவு மீட்டரிலும் பதிவாகியிருப்பதை வரைபடத்தில் திடீரென விழும் கோட்டைக் கண்டுதான் அறிவார்.

இவ்வேலைமுறையில் இரு எளிய தவறான வழிகள் உண்டு. ஒன்று, கட்டளைச் சாளரத்திலேயே நேரடியாகத் தட்டிக்கொண்டு போவது. விடை வரும், ஆனால் அடுத்த வாரம் அந்த விடை எவ்வாறு வந்தது என்பதைக் காட்ட எதுவும் இராது. மற்றொன்று, கோப்பில் எழுதி, நகலெடுத்து, சாளரத்தில் ஒட்டுவது. இதில் வரி விடுபடும். சாளரத்தில் செய்த சிறு திருத்தம் கோப்புக்குத் திரும்பாது. நல்ல தொகுப்பி நிலைக்காட்டி நிற்கும் வரியை ஒரே விசைச் சேர்க்கையில் அமர்வுக்கு அனுப்பி, நிலைக்காட்டியை அடுத்த வரிக்கு நகர்த்துகிறது. ஆர்-ஸ்டுடியோவிலும் ஈமாக்சின் புள்ளியியல் செருகுநிரலிலும் கண்ட்ரோல் விசையுடன் என்டர் விசையை அழுத்தினால் இது நிகழும். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் இவ்வசதியே, கோப்பை விட்டு விலகாமல் வேலை செய்யும் பழக்கத்தை உண்டாக்குகிறது.

இவ்வசதியிலேயே ஓர் ஆபத்தும் அடங்கியுள்ளது. வரிகளை முன்னும் பின்னுமாக அனுப்ப இயலுவதால், அமர்வில் உள்ள மாறிகள் கோப்பில் உள்ள வரிகளின் வரிசைக்குப் பொருந்தாமற் போகலாம். பத்தாம் வரியில் உருவாக்கிய மாறியைப் பின்னர் கோப்பிலிருந்து அழித்துவிட்டாலும் அது அமர்வில் உயிரோடு இருக்கும், நிரலும் ஓடும். வேறு கணினியில் அதே கோப்பு ஓடாது. எனவே அவ்வப்போது அமர்வை முடித்து, வெறும் அமர்வில் கோப்பை முதல் வரியிலிருந்து இயக்கிப் பார்த்தல் வேண்டும். வெளியேறும்போது பணியிடத்தைச் சேமிக்கவா என ஆர் கேட்பதுண்டு. வேண்டாம் என்பதே பொதுவாகச் சரியான விடை. அக்கேள்வியை நிரந்தரமாக நிறுத்திவைக்கும் வசதியைத் தொகுப்பியின் அமைப்புகளில் முதலில் தேடிக்கொள்வது நல்லது.

கருங்குழி என்னும் பெயர்

கருங்குழி மதுராந்தகத்திற்கு அருகே பெருஞ்சாலையை ஒட்டி அமைந்த பேரூராட்சி. பழைய ஆங்கில ஆவணங்களில் இவ்வூர் காரங்கூலி என்று ஒலிக்குமாறு எழுதப்பட்டுள்ளது. பின்னர் வந்தவற்றில் கருங்குலி, கருங்குளி, கருங்குழி எனப் படிக்கத்தக்க எழுத்துக்கூட்டல்கள் காணப்படும். ழகரத்திற்கு ஆங்கிலத்தில் நிலையான எழுத்து இன்மையே காரணம். ஊர் இருந்த மாவட்டமும் மாறியுள்ளது. 1997 இல் செங்கல்பட்டு-எம்.ஜி.ஆர். மாவட்டம் பிரிக்கப்பட்டபோது காஞ்சிபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 நவம்பரில் புதிய செங்கல்பட்டு மாவட்டம் அமைந்தபோது அதனுள் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலக் குறியீடு 33, காஞ்சிபுரம் மாவட்டக் குறியீடு 604 ஆகியவற்றின் கீழ் இவ்வூரைத் தேட வேண்டும். அதே கணக்கெடுப்பில் 617 என்னும் கடலூர் மாவட்டத்திலும் வடலூருக்கு அருகே ஒரு கருங்குழி உண்டு. வள்ளலார் வாழ்ந்த ஊர் அதுவே.

இப்பகுதியில் ஊர்வாரிக் கணக்கெடுப்பு புதியதன்று. தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களில் வீடுகள், நிலம், விளைச்சல் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். அக்காலத்துத் தமிழ் ஓலைக் கணக்குகளும் ஆங்கிலச் சுருக்கங்களும் எஞ்சியுள்ளன. ஊர்ப்பெயர் இரு எழுத்துமுறைகளில் இரு விதமாக வரும் சிக்கல் அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

மழையளவு ஒரு கோப்பிலும் மக்கள்தொகை மற்றொரு கோப்பிலும் இருப்பின், இரண்டையும் ஊர்ப்பெயரைக் கொண்டு இணைப்பது மாணவர் முதலில் செய்வதாகும். ஆர் மொழியின் இணைப்புக் கட்டளை, பெயர் பொருந்தாத வரிசைகளை வேறு ஆணை இல்லாவிடில் விட்டுவிடும். வழுச்செய்தி எதுவும் வராது. கருங்குழி அட்டவணையிலிருந்து காணாமற்போகும். சராசரியும் விகிதமும் அவ்வூர் இல்லாமலே கணிக்கப்பட்டு, அழகிய வரைபடமாகவும் வந்துவிடும். மாறாக, மாவட்டத்தைக் குறிக்காமல் பெயரை மட்டும் கொண்டு இணைத்தால் இரு கருங்குழிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே குறியீட்டு எண்ணைக் கொண்டு இணைப்பதே முறை. எண் இல்லாத கோப்புகளுக்கு, செங்கற்பட்டு என வந்தால் செங்கல்பட்டு எனக் கொள்க என்பது போன்ற ஒப்பீட்டு அட்டவணை ஒன்றை நிரலிலேயே எழுத வேண்டியிருக்கும். தொகுப்பியில் தமிழ் தட்ட வேண்டிய தேவை எழுவது இங்குதான்.

எழுத்து ஒன்று, வடிவம் இரண்டு

கருங்குழி என்ற சொல்லில் தமிழ்க் கணக்குப்படி க, ரு, ங், கு, ழி என 5 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாதலால் 9 குறியீடுகள். யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் 27 பைட்டுகள். ஆர் மொழியில் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 9 என்றே விடை வரும். ஸ்ட்ரிங்கி என்னும் பொதியைக் கொண்டு எழுத்தெல்லையின்படி எண்ணினால்தான் 5 கிடைக்கும். முதல் மூன்று எழுத்துகளை வெட்டியெடுக்கும் நிரல், கருங் என்பதற்குப் பதிலாகக் கரு என்பதோடு நின்றுவிடுவது இதனால்தான்.

இதைவிடப் பிடிபடாத சிக்கல் ஒன்றும் உண்டு. திருப்போரூர் என்பதில் உள்ள போ என்ற எழுத்தை ஓகாரக் குறி ஒன்றைக் கொண்டும் எழுதலாம். ஏகாரக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே தட்டியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். தேடினால் கிடைக்காது, இணைத்தால் பொருந்தாது. ஒருங்குறி இயல்பாக்கம் எனப்படும் செயல்முறையைத் தரவு வாசித்த அடுத்த வரியிலேயே செய்துவிட்டால் இச்சிக்கல் தீரும். ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டப்பட்டிருந்தால் இயல்பாக்கமும் உதவாது. அதைக் கண்டறிய, நிலைக்காட்டி நிற்கும் இடத்திலுள்ள குறியீட்டின் எண்ணைக் காட்டும் தொகுப்பி வேண்டும். ஈமாக்சும் விம்மும் இதனைச் செய்கின்றன.

ஒருங்குறிக்கு முந்தைய கோப்புகள் மற்றொரு வகை. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக்கப்பட்டன. இணையத்தில் தகுதரம் (டிஸ்கி) பரவலாயிருந்தது. 2010 இல்தான் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. எனவே அதற்கு முந்தைய அலுவலகக் கோப்பு ஒன்றைத் தொகுப்பியில் திறந்தால் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளே தெரியும். அதனைச் சேமித்துவிடாமல் மூடிவிட்டு, மாற்றி ஒன்றின் வழியாக ஒருங்குறிக்குக் கொண்டுவந்த பின்பே திறத்தல் வேண்டும்.

விண்டோசில் ஆர் மொழி நெடுங்காலம் அமைப்பின் உள்ளூர்க் குறியேற்றத்தையே நம்பியிருந்தது. இந்திய ஆங்கில அமைப்பிலுள்ள கணினியில் தமிழ்ப் பெயர்கள் கொண்ட அட்டவணையை அச்சிட்டால், எழுத்துகளுக்குப் பதிலாகக் கோண அடைப்புக்குள் ஒருங்குறி எண்கள் வரிசையாக வரும். 2022 ஏப்ரலில் வெளிவந்த 4.2.0 பதிப்பு, விண்டோஸ் 10 இன் பிற்காலப் பதிப்புகளில் யூடிஎஃப்-8 ஐயே இயல்புக் குறியேற்றமாகக் கொண்டது. லினக்சில் இச்சிக்கல் அதற்கு வெகுமுன்பே தீர்ந்திருந்தது. தொகுப்பியை மாற்றிப் பார்த்தும் தமிழ் வரவில்லை என்று வருந்துவோர், முதலில் ஆர் பதிப்பைப் பார்ப்பது நல்லது.

தொகுப்பிகள்

ஈமாக்ஸ் தொகுப்பியில் இயங்கும் ஈஎஸ்எஸ் என்னும் செருகுநிரலே இத்துறையின் மூத்த கருவி. 1989 இல் எஸ் மொழிக்கென டக்ளஸ் பேட்ஸ் முதலானோர் எழுதியது, வளர்ந்து 1997 இல் இப்பெயரைப் பெற்றது. ஆர், எஸ், சாஸ், ஸ்டாட்டா ஆகியவற்றை ஒரே பழக்கத்தில் எழுத உதவுவது இதன் சிறப்பு. தமிழுக்கான ஐட்ரான்ஸ், இன்ஸ்கிரிப்ட் உள்ளீட்டு முறைகள் ஈமாக்சின் உள்ளேயே இருப்பதால் தனி மென்பொருள் வேண்டியதில்லை. 27 ஆம் பதிப்பு (2020) முதல் ஆர்ஃப்பஸ் எழுத்தமைப்பு இயந்திரத்தைப் பயன்படுத்துவதால் சாளரப் பதிப்பில் தமிழ் நன்றாகத் தெரியும். கற்றுக்கொள்ள நாளாகும் என்பதே குறை.

ஈஎஸ்எஸ் பற்றிய வேடிக்கையான செய்தி ஒன்று. எஸ் மொழியில் அடிக்கோடு மதிப்பளிக்கும் குறியாக இருந்தது. அதன் நினைவாக, அடிக்கோட்டு விசையை அழுத்தினால் <- என்ற குறி விழுமாறு ஈஎஸ்எஸ் அமைக்கப்பட்டது. 2004 இல் வந்த ஆர் 1.9.0, மாறிகளின் பெயரில் அடிக்கோட்டை அனுமதித்தது. அதன் பின்னர் ஒரு பெயரில் அடிக்கோடு இட விரும்பியவர்கள் விசையை இருமுறை அழுத்த வேண்டியதாயிற்று. இவ்வழக்கம் பிற்காலப் பதிப்புகளில் கைவிடப்பட்டது.

விம், பிராம் மூலெனார் 1991 இல் வெளியிட்ட தொகுப்பி. எழுதும் நிலை, கட்டளை நிலை என இரு நிலைகள் உடையது. தமிழ் எழுதுவோர்க்கு இதில் ஒரு தொல்லை உண்டு: விசைப்பலகை தமிழ்99 இல் இருக்கும்போது கட்டளை நிலைக்குத் திரும்பினால், கட்டளை எழுத்துகளும் தமிழாகவே விழும், எதுவும் நடவாது. விம்மின் சொந்த விசைமாற்று அட்டவணை எழுதும் நிலையில் மட்டுமே செயற்படுவதால், எ-கலப்பை போன்ற வெளி மென்பொருளைவிட அதுவே இங்கு ஏற்றது. முனையச் சாளரங்கள் பலவற்றில் தமிழ்க் கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நிற்பதும் உண்டு. அது முனையத்தின் குறையேயன்றி விம்மின் குறையன்று.

ஆர்-ஸ்டுடியோ 2011 பெப்ரவரியில் வெளிவந்தது. தொகுப்பி, கட்டளைச் சாளரம், வரைபடம், மாறிகளின் பட்டியல் ஆகிய நான்கையும் ஒரே திரையில் காட்டுவதால் வகுப்பறைகளில் இதுவே பெரிதும் பரவியது. நிறுவனம் 2022 இல் போசிட் எனப் பெயர் மாற்றிக்கொண்டபோதும் மென்பொருளின் பெயர் மாறவில்லை. குறிப்பிட்ட குறியேற்றத்தில் கோப்பை மீண்டும் திறக்கவும் சேமிக்கவும் கோப்புப் பட்டியிலேயே வசதி உள்ளது. தமிழ்த் தரவுக்கு இது மிகப் பயனுடையது. எனினும் இதன் தொகுப்பிப் பகுதி எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்னும் எண்ணத்தில் அமைந்தது. நீண்ட தமிழ் வரியில் நிலைக்காட்டி ஓரிடத்தில் தெரிய, எழுத்து வேறிடத்தில் விழும். ஒப்பீட்டு அட்டவணையை நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பாக வைத்து வாசித்துக்கொள்வது இதற்கு எளிய மாற்று. தொடக்க மாணவர்க்கு இக்குறையையும் மீறி ஆர்-ஸ்டுடியோவையே பரிந்துரைக்கலாம்.

விசுவல் ஸ்டுடியோ கோட் தொகுப்பியும் ஆர் செருகுநிரலுடன் பயன்படுகிறது. தமிழ் வரிகளில் நிலைக்காட்டியின் இடத்தை இது சரியாகக் காட்டுகிறது. அதன் திறமூலத்தை அடிப்படையாகக் கொண்டு போசிட் நிறுவனம் பாசிட்ரான் என்பதை 2024 இல் வெளியிட்டது. மூல நிரல் வெளியிடப்பட்டிருப்பினும் அதன் உரிமம் கட்டற்ற உரிமம் அன்று. கேடிஈ சூழலைச் சார்ந்த ஆர்கேவார்ட் (2002), பட்டிகளின் வழியே செய்த பகுப்பாய்வுக்கும் உரிய நிரலைக் காட்டும். அதனால் கற்பவர்க்கு உதவும். விண்டோசுக்கான டின்-ஆர் 2000களில் பரவலாயிருந்தது.

சொற்செயலிகளை நிரல் எழுதப் பயன்படுத்தலாகாது. அவை நேரான மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாக மாற்றிவிடும்; ஆர் அவற்றை ஏற்காது. இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுத்த நிரலில் கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற இணைப்பானும் ஒட்டிக்கொண்டு வரும். சரியாகத் தோன்றும் வரி வழு காட்டினால், மறைந்த குறிகளைக் காட்டும் வசதியைத் தொகுப்பியில் இயக்கிப் பார்க்க வேண்டும். விரிதாளிலிருந்து யூடிஎஃப்-8 ஆகச் சேமித்த கோப்பில் முதல் நெடுவரிசையின் பெயருக்கு முன் பொருளற்ற எழுத்துகள் தோன்றுவது, கோப்பின் தொடக்கத்தில் இடப்படும் பைட் வரிசைக் குறியினால் ஆகும்.

பழைய மடிக்கணினிகள்

தமிழக அரசு 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகள் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் என இரு இயங்குதளங்களுடன் வந்தன. பாஸ், சென்னை சி-டாக் மையத்தில் உருவானது. அத்தகைய கணினியில் புள்ளியியல் கற்க விரும்பும் மாணவர் தொகுப்பியின் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க இயலாது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32-பிட் பதிப்பாக மட்டுமே வெளிவந்தது. ஆர்-ஸ்டுடியோ 1.2 (2019) முதல் 32-பிட் விண்டோசைக் கைவிட்டது. தமிழைச் சரியாகக் காட்டத் தொடங்கிய அதே ஆர் 4.2.0 பதிப்பும் 32-பிட் விண்டோசைக் கைவிட்டது. ஆகவே அக்கணினியின் விண்டோஸ் பகுதியில் தமிழ்த் தரவுடன் வேலை செய்ய வழியில்லை.

அதே கணினியின் லினக்ஸ் பகுதியில் வழியுண்டு. பாஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆர், ஈமாக்ஸ், விம், ஜீனி ஆகிய நான்கும் டெபியன் களஞ்சியங்களில் உள்ளன. ஜீனி மிகக் குறைந்த நினைவகத்தில் இயங்கும் எளிய தொகுப்பி. அதன் அடிப்பகுதியிலுள்ள முனையத்தில் ஆர் அமர்வைத் தொடங்கிவிட்டு, தேர்ந்தெடுத்த வரிகளை முனையத்திற்கு அனுப்பும் கட்டளைக்கு ஒரு விசைச் சேர்க்கையை ஒதுக்கிக்கொண்டால், மேலே கூறிய கோப்பு-அமர்வுத் தொடர்பு கிடைத்துவிடும். வரைபடம் தனிச் சாளரத்தில் தோன்றும்.